பழைய சொகுசு செடான்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது எப்படி

பத்துப் பதினைந்து வருடமும் அதற்கு மேலும் ஓடிய பென்ஸ் இ-கிளாஸ், பிஎம்டபிள்யூ 5 சீரிஸ், ஆடி ஏ6, ஜாகுவார் எக்ஸ்ஜே போன்ற வண்டிகள் புதிய சின்னக் காரைவிடக் குறைந்த விலைக்கே கிடைத்துவிடுகின்றன. வண்டியின் விலை மட்டும்தான் விழுந்திருக்கிறது. உள்ளே இருக்கும் ஏர் சஸ்பென்ஷன், ஆறு கியர் ஆட்டோமேட்டிக், டஜன் கணக்கான கன்ட்ரோல் யூனிட்கள் (மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள்) எதுவும் மலிவாகிவிடவில்லை. அதனால் "முதலில் இதை மாற்றிப் பார்ப்போம், சரியாகாவிட்டால் அதை மாற்றிப் பார்ப்போம்" என்ற பழக்கம் இந்த வண்டிகளுக்கு ஒத்துவராது. அளந்து பார்த்து, காரணம் உறுதியான பிறகே பாகம் வாங்க வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. ஒரு நல்ல மல்டிமீட்டர், கூலன்ட் பிரஷர் டெஸ்டர், டார்க் ரெஞ்ச், டார்க்ஸ் பிட் செட், பளிச்சென்ற டார்ச். இவற்றோடு அந்தந்தக் கம்பெனி வண்டியின் எல்லா யூனிட்களையும் படிக்கும் ஸ்கேனர் கட்டாயம். வண்டியின் பரிசோதனை சாக்கெட்டில் மாட்டும் சாதாரண ஓபிடி ரீடர், இன்ஜினின் கோளாறுக் கோடுகளை (code) மட்டும்தான் காட்டும். இந்த வண்டிகளின் தொல்லையில் பாதி கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன், பாடி யூனிட்களில் ஒளிந்திருக்கும்.

வாங்கப் போன இடத்தில் வண்டி ஏற்கெனவே சூடாக இருக்கிறது

இதுவே ஓர் அறிகுறி. பானெட்டைத் தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தால், இன்னொரு நாள் குளிர்ந்த வண்டியைப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். டைமிங் செயின் சத்தம், நீலப் புகை, ஏர் சஸ்பென்ஷன் இரவில் இறங்குவது ஆகிய மூன்றும் வண்டி ஒரு ராத்திரி நின்ற பிறகுதான் வெளிப்படும்.

ஸ்கேனரைப் போட்டதும் கோடு ஒன்றுமே இல்லை என்று வந்தால் அதோடு திருப்திப்பட வேண்டாம். ரெடினஸ் மானிட்டர்களை (வண்டி தானே செய்துகொள்ளும் சுயபரிசோதனைகளை) பாருங்கள். பல மானிட்டர்கள் "முடியவில்லை" என்று காட்டினால், கோடுகளை அண்மையில்தான் அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். பல வண்டிகளில் ஓடிய தூரம் மீட்டரில் மட்டுமல்லாமல் வேறு சில யூனிட்களிலும் பதிவாகியிருக்கும். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சாவியைத் திருப்பும்போது ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ அதை மறைத்திருக்கக்கூடும். நான்கு டயரும் நான்கு பிராண்டாக இருந்தால், கண்ணுக்குத் தெரியாத ஆயிலுக்கும் கூலன்ட்டுக்கும் அந்த உரிமையாளர் செலவு செய்திருக்க வாய்ப்பு குறைவு.

டேஷ்போர்டில் நாலைந்து எச்சரிக்கைகள் ஒரே நேரத்தில் வருகின்றன

ஏபிஎஸ், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், ஏர்பேக் என வரிசையாக விளக்குகள் எரிந்தால், அத்தனையும் ஒரே நாளில் கெட்டுப்போயிருக்காது. முதலில் வோல்டேஜைப் பாருங்கள். வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான். ஸ்டார்ட் செய்யும்போது 9.6-க்குக் கீழே போனால் பேட்டரி பலவீனம். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். ஹெட்லைட், ஏசி, பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போட்ட பிறகும் 13.5-ஐ ஒட்டி நிற்க வேண்டும். புதிய பிஎம்டபிள்யூ மாடல்களில் சார்ஜிங்கை வண்டியே கூட்டிக் குறைக்கும் என்பதால், ஒரே ஒரு அளவை வைத்து ஆல்டர்னேட்டரைக் குற்றம் சொல்லக் கூடாது.

பென்ஸ் டபிள்யூ211 பலவற்றில் (இது இ-கிளாஸின் ஒரு தலைமுறை; இனி மாடல்களை இப்படிக் கம்பெனிக் குறியீட்டாலேயே சொல்கிறேன்) பேட்டரி இரண்டு. பெரியது டிக்கியில், சின்னது பானெட்டுக்கு அடியில். பெரியதை மாற்றியும் எச்சரிக்கை போகவில்லை என்றால் அந்தச் சின்னதை அளந்து பாருங்கள். பலர் அதை மறந்தே போய்விடுகிறார்கள். பிஎம்டபிள்யூ இ60 (5 சீரிஸ்) காலத்திலிருந்து, நெகட்டிவ் முனையில் பேட்டரி சென்சார் இருக்கும் வண்டிகளில், புது பேட்டரி போட்டால் அதை ஸ்கேனர் மூலம் ரிஜிஸ்டர் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் பழைய, தளர்ந்த பேட்டரிக்கு ஏற்றபடியே சார்ஜ் ஏறும். புதியதன் ஆயுள் குறையும். ஆம்பியர்-மணி அளவோ பேட்டரி வகையோ மாறினால் ரிஜிஸ்டர் செய்தால் மட்டும் போதாது, கோடிங்கும் (புதிய அளவை யூனிட்டில் எழுதுவதும்) தேவை.

வோல்டேஜ் சரியாக இருந்தால், எல்லாக் கோடுகளையும் குறித்து வைத்துக்கொண்டு அழித்துவிட்டு, இருபது நிமிடம் ஓட்டுங்கள். திரும்பி வருவதுதான் உண்மையான கோளாறு. ஏபிஎஸ், இஎஸ்பி (சறுக்கல் தடுப்பு), க்ரூஸ் கன்ட்ரோல் மூன்றும் சேர்ந்து போனால் பெரும்பாலும் ஒரு வீல் ஸ்பீடு சென்சார்தான். ஸ்கேனரில் நான்கு சக்கர வேகத்தையும் ஒரே திரையில் வைத்து மெதுவாக ஓட்டினால் எது துள்ளுகிறது, எது பூஜ்யத்திலேயே நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

தொண்ணூறுகளின் முதல் பாதியில் வந்த பென்ஸ் வண்டிகளுக்கு மட்டும் ஒரு தனிக் குறிப்பு. சுமார் 1995 வரையிலான எம்104, எம்119 இன்ஜின்களின் ஒயரிங் மேல் உறை சூட்டில் பொடிந்து உதிர்கிறது. ஒயரை லேசாக வளைத்ததும் உறை வெடித்தால், அது மாற்றப்படாத பழைய ஹார்னஸ் (ஒயர்க் கட்டு). டேப் சுற்றி ஓட்டினால் இன்ஜின் கன்ட்ரோல் யூனிட்டையும் சேர்த்துப் பறிகொடுக்க நேரும்.

இரண்டு மூன்று நாள் நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடுகிறது

முதலில் ஒரு கணக்கு. பூட்டி நிற்கும் வண்டி 50 மில்லி ஆம்பியருக்குள் எடுத்தால், ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி செலவு. 80 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதி காலியாக ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதே வண்டி 500 மில்லி ஆம்பியர் இழுத்தால் மூன்று நாளில் பாதி போய்விடும். ஆக, மூன்று நாள் தாங்கவில்லை என்றால், அரை ஆம்பியர் அளவுக்கு ஏதோ ஒன்று தூங்காமல் விழித்திருக்கிறது, அல்லது பேட்டரி தன் கொள்ளளவை இழந்துவிட்டது. பேட்டரியை லோடு டெஸ்ட் செய்து இரண்டாவதை முதலில் விலக்கிவிடுங்கள்.

தேடும் முறை இது. பானெட்டைத் திறந்து வைத்து, அதன் லாக்கை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தி மூடிய நிலைக்குக் கொண்டு வாருங்கள். ஃபியூஸ் பெட்டி டிக்கியிலோ கதவோரத்திலோ இருந்தால் அந்த லாக்கையும் அப்படியே. இல்லாவிட்டால் கதவு திறந்திருப்பதாக நினைத்து வண்டி தூங்கவே தூங்காது. சாவியை வண்டியிலிருந்து தள்ளி வையுங்கள். கீலெஸ் வண்டியில் சாவி அருகில் இருந்தாலே யூனிட்கள் விழித்துக்கொள்ளும். வண்டியைப் பூட்டிவிட்டு ஒரு மணி நேரம் காத்திருங்கள். சில வண்டிகள் பதினைந்து நிமிடத்தில் தூங்கும், சில நாற்பது நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும்.

இப்போது ஃபியூஸைக் கழற்றாதீர்கள். கழற்றி மாட்டினால் தூங்கிய யூனிட் விழித்துவிடும், தேடல் மறுபடி முதலிலிருந்து. மல்டிமீட்டரை மில்லி வோல்ட்டில் வைத்து, ஒவ்வொரு ஃபியூஸின் மேல்புறமும் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளில் முனைகளை வையுங்கள். மின்சாரம் ஓடாத ஃபியூஸில் 0.0 காட்டும். 10 ஆம்பியர் ஃபியூஸின் மின்தடை சுமார் 7 முதல் 8 மில்லி ஓம். அதன் குறுக்கே 1 மில்லி வோல்ட் காட்டினால், அந்த வழியில் 130 மில்லி ஆம்பியர் அளவுக்கு ஓடுகிறது என்று பொருள். அந்த ஃபியூஸில் என்னென்ன தொங்குகின்றன என்று ஒயரிங் படத்தில் பார்த்து, ஒவ்வொன்றாக சாக்கெட்டைக் கழற்றினால் ஆள் அகப்பட்டுவிடும்.

அடிக்கடி அகப்படுபவை: கதவு லாக்கின் உள்ளே தேய்ந்த மைக்ரோ சுவிட்ச், பின்னால் போட்ட மியூசிக் சிஸ்டம் அல்லது டிராக்கர், பிஎம்டபிள்யூ இ39-ன் (இ60-க்கு முந்தைய 5 சீரிஸ்) ப்ளோயர் ரெகுலேட்டர், ஈரம் பட்ட கன்ட்ரோல் யூனிட்.

உள்ளே பூஞ்சை வாடை, கண்ணாடியில் ஆவி, மின்சாரச் சாமான்கள் தாமாக இயங்குகின்றன

வாடையை வாசனைத் திரவியத்தால் மறைத்திருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள். சொகுசு செடான்களில் கார்ப்பெட்டுக்கு அடியில் தடித்த பஞ்சு இருக்கும். மேலே கை வைத்தால் காய்ந்தது போல இருந்தாலும் அடியில் லிட்டர் கணக்கில் தண்ணீர் நிற்கும். கதவோரப் பிளாஸ்டிக்கைத் தூக்கி, கார்ப்பெட்டுக்கு அடியில் விரல் விட்டு அழுத்திப் பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னி குழியையும் பக்கவாட்டுப் பள்ளங்களையும் திறந்து பாருங்கள். பேட்டரியும் பல யூனிட்களும் அங்கேதான் உட்கார்ந்திருக்கின்றன.

தண்ணீர் வரும் வழிகள் சிலவே. சன்ரூஃப் வடிகால் குழாய்கள் நான்கு மூலைகளிலும் உண்டு; அரை லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றி, அது வண்டிக்கு அடியில் வடிகிறதா என்று பாருங்கள். அடைத்திருந்தால் நைலான் கம்பியை விட்டு நெகிழ்த்துங்கள். அதிக அழுத்தக் காற்றை அடித்தால் குழாய் இணைப்பிலிருந்து கழன்று, தண்ணீர் நேராகக் கூரைக்குள் இறங்கும். அடுத்தது டெயில் லேம்ப் ரப்பர். அதற்கடுத்தது கதவு உள்தகட்டின் சீல்.

ஆடி ஏ6-ன் சி5 மாடலில் இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. வைப்பருக்கு அடியில் பேட்டரி இருக்கும் தொட்டியின் வடிகால் இலையாலும் மண்ணாலும் அடைபடும். தொட்டி நிரம்பினால் தண்ணீர் பிரேக் பூஸ்டருக்குள் போகும். உள்ளே காலடியில் கார்ப்பெட்டுக்குக் கீழ் இருக்கும் கியர்பாக்ஸ் யூனிட்டையும் நனைக்கும். பிரேக் பெடல் கட்டையாகிப் போவதும் கியர் மாறாமல் போவதும் ஒரே இலைக்குப்பையால் வரலாம். பேட்டரியைத் தூக்கி, அடியில் இருக்கும் ரப்பர் வடிகாலைச் சுத்தம் செய்யும் வேலை அரை மணி நேரம்தான்.

நனைந்த யூனிட்டைக் கண்டால் உடனே பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். மின்சாரம் இருக்கும்போது தண்ணீர் பட்டால் செம்புப் பாதைகள் வேகமாகப் பச்சை பூத்து அரிக்கும். யூனிட்டைத் திறந்து, ஐசோபுரோப்பில் ஆல்கஹாலால் கழுவி, முழுதாகக் காய வைத்தால் பலவும் உயிர் பிழைக்கின்றன. தண்ணீர் வந்த வழியை அடைக்காமல் புது யூனிட் போடுவது வீண்.

டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, அல்லது கூலன்ட் குறைந்துகொண்டே போகிறது

இந்த அறிகுறிக்கு மட்டும் "வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சே கிடையாது. இன்ஜினை நிறுத்துங்கள். அலுமினிய ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) ஒரே ஒரு கடும் சூட்டில் வளைந்துவிடும். இன்னொன்று, பல பிஎம்டபிள்யூ வண்டிகளில் முள் நடுவில் அசையாமல் நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். முள் நடுவை விட்டு நகர்ந்த நேரத்தில் நிலைமை ஏற்கெனவே முற்றியிருக்கும். ஆகவே ஸ்கேனரில் உண்மையான டிகிரியைப் பார்த்துப் பழகுங்கள்.

குளிர்ந்த இன்ஜினில் பிரஷர் டெஸ்டரை மாட்டி, மூடியில் குறித்திருக்கும் அளவுக்கு, பெரும்பாலும் 1.4 பார் வரை, ஏற்றி 15 நிமிடம் விடுங்கள். அழுத்தம் இறங்கினால் கசிவு இருக்கிறது. டார்ச்சோடு தேடுங்கள்: எக்ஸ்பான்ஷன் டேங்கின் ஒட்டு, ரேடியேட்டரின் பிளாஸ்டிக் கழுத்து, தெர்மோஸ்டாட் ஹவுசிங், வாட்டர் பம்ப்பின் அடியில் உள்ள சிறு துளை, காலடிக் கார்ப்பெட். இந்தக் காலத்து ஜெர்மன் வண்டிகளில் பிளாஸ்டிக் பாகங்கள் வயதால்தான் உடைகின்றன, ஓடிய தூரத்தால் அல்ல. இ39 வாங்கினால் டேங்க், ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ஹோஸ்கள் எல்லாவற்றையும் ஒரே முறையில் மாற்றிவிடுவதே அறிவான செலவு. ஒன்றை மாற்றினால் அடுத்த பலவீனமான இடம் வெடிக்கும்.

வெளியே கசிவே இல்லை, ஆனாலும் கூலன்ட் குறைகிறது என்றால் உள்ளே போகிறது. எரிந்த வாயுவைக் காட்டிக்கொடுக்கும் சோதனைத் திரவத்தை எக்ஸ்பான்ஷன் டேங்கின் வாயில் வைத்துப் பாருங்கள். பெட்ரோல் இன்ஜினில் நீலம் மஞ்சளாக மாறினால் ஹெட் கேஸ்கெட்டோ வெடித்த ஹெட்டோ உறுதி. ஆயில் மூடிக்கு அடியில் வெண்ணெய் போலப் படிந்திருப்பதை மட்டும் வைத்து ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். குறுகிய தூரமே ஓடும் வண்டியில் அது சாதாரணம்.

பிஎம்டபிள்யூ என்52 இன்ஜினில் வாட்டர் பம்ப் மின்சாரத்தால் ஓடுவது. பெல்ட் இல்லை, கசிவும் சத்தமும் இல்லாமல் திடீரென நின்றுவிடும். கூலன்ட் முழுதாக இருக்கும்போதே சூடு ஏறினால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். மாற்றும்போது தெர்மோஸ்டாட்டையும் சேர்த்து மாற்றுங்கள். அதே இடத்தில், அதே உழைப்பில் முடியும். பம்ப்பைப் பிடிக்கும் அலுமினிய போல்ட்கள் ஒரே முறைக்குத்தான், புதியவை வேண்டும். காற்று எடுக்கும் முறை: பேட்டரிக்கு சார்ஜர் மாட்டி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் போட்டு, ஹீட்டரை உச்ச வெப்பத்திலும் ப்ளோயரை மிகக் குறைந்த வேகத்திலும் வைத்து, ஆக்சிலரேட்டரை அடி வரை பத்து நொடி மிதித்து விடுங்கள். பம்ப் சுமார் 12 நிமிடம் தானே ஓடிக் காற்றை வெளியேற்றும். பிறகு அளவு பார்த்து ஊற்றுங்கள்.

கூலன்ட் நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். கம்பெனியின் தர எண்ணைப் பார்த்து வாங்குங்கள். பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர். குழாய்த் தண்ணீரின் உப்பு ரேடியேட்டருக்குள் படியும்.

கியர் மாறும்போது இடிக்கிறது, நழுவுகிறது, அல்லது ஒரே கியரில் மாட்டிக்கொள்கிறது

"ஆயுள் முழுவதற்கும் போதுமான ஆயில்" என்று கார் கம்பெனிகள் சொன்ன பேச்சால் போன கியர்பாக்ஸ்கள் ஏராளம். ஆறு கியர் 6எச்பி பெட்டியைச் செய்த இசட்எஃப் கம்பெனியே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது. சர்வீஸ் ரசீதில் அப்படி ஒரு பதிவு இல்லையென்றால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இடிப்பு எப்போது வருகிறது என்று பிரித்துப் பாருங்கள். நிற்கப் போகும்போது, 2-லிருந்து 1-க்கு இறங்குகையில் பின்னாலிருந்து தள்ளுவது போல இருந்தால், பழைய ஆயிலும், மெக்கட்ரானிக்கின் (கியரை மாற்றும் மின்-ஹைட்ராலிக் பகுதியின்) ரப்பர் சீல்கள் தேய்ந்து அழுத்தம் கசிவதும் காரணமாக இருக்கலாம். 6எச்பி-யில் மெக்கட்ரானிக்கை இறக்கி, ப்ரிட்ஜ் சீல், குழாய் சீல்கள், கனெக்டர் ஸ்லீவ் ஆகியவற்றை மாற்றினாலே பல பெட்டிகள் சரியாகிவிடுகின்றன. முழு ஓவர்ஹாலுக்கு ஒப்புக்கொள்ளும் முன் இதைக் கேளுங்கள். பிளாஸ்டிக் பேனிலேயே (அடியில் இருக்கும் ஆயில் தொட்டியிலேயே) ஃபில்டர் சேர்ந்திருப்பதால் பேனை முழுதாக மாற்ற வேண்டும். அதன் போல்ட்களுக்கு 10 நியூட்டன் மீட்டர்தான். மேலே போனால் பேன் வளைந்து கசியும். ஆயில் அளவைக் கண்ணால் ஊகிக்க முடியாது. இன்ஜின் ஓட, வண்டி சமதளமாக நிற்க, ஆர், டி இரண்டிலும் சில நொடிகள் போட்டு எடுத்த பிறகு, ஆயில் வெப்பம் 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கும்போது, நிரப்பும் துளையிலிருந்து மெலிதாக வழிய வேண்டும். 50-ஐத் தாண்டிவிட்டால் ஆயில் விரிந்திருக்கும். அளவு தப்பாகத் தெரியும்.

பென்ஸின் ஐந்து கியர் 722.6 உழைப்பாளிப் பெட்டி. அது திடீரென ஒரே கியரில் மாட்டிக்கொண்டு, சாவியை அணைத்துப் போட்டதும் சரியானால், உள்ளே இருக்கும் கண்டக்டர் பிளேட்டின் ஸ்பீடு சென்சார்களைச் சந்தேகியுங்கள். இன்னொன்று, பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் 13 பின் கனெக்டர். அதன் ஓ-ரிங் தளர்ந்தால் ஆயில் ஒயருக்குள் ஏறி, கன்ட்ரோல் யூனிட் வரைக்கும் போய்ச் சேரும். யூனிட்டின் சாக்கெட்டைக் கழற்றி ஆயில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். கனெக்டர் மலிவான பாகம், அரை மணி நேர வேலை.

லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்து 50 முதல் 80 கி.மீ. வேகத்தில் போகும்போது சாலைக் கோடுகளின் மேல் ஏறியது போல ஓர் அதிர்வு வந்தால், டார்க் கன்வெர்ட்டர் லாக் ஆகும்போது நழுவுகிறது. ஆயில் மாற்றினால் குறையலாம். ஆனால் 2003 வாக்கில் வந்த சில டபிள்யூ203 (சி-கிளாஸ்), டபிள்யூ211 வண்டிகளில் இதே அதிர்வுக்குக் காரணம் ரேடியேட்டர். அதற்குள் இருக்கும் ஆயில் கூலர் கசிந்து, கூலன்ட் கியர் ஆயிலில் கலக்கிறது. கூலன்ட்டில் உள்ள கிளைக்கால் கிளட்ச் லைனிங்கைக் கரைத்துவிடும். ஆயிலில் கிளைக்கால் இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்காமல் இந்த வண்டிகளை வாங்கக் கூடாது. ரேடியேட்டர் இன்னும் பழையதாகவே இருந்தால், அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் மாற்றிவிடுங்கள்.

காலையில் பார்த்தால் ஒரு மூலை தாழ்ந்திருக்கிறது

ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் மாலையில் நான்கு சக்கரத்திலும் நடு மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து எழுதி வையுங்கள். மறுநாள் காலை மறுபடி அளங்கள். ஒரே மூலை இறங்கினால் அந்த ஏர் ஸ்பிரிங் அல்லது அதற்குப் போகும் குழாய். ஒரு அச்சின் இரண்டு பக்கமும் சமமாக இறங்கினால், காற்றைப் பிரித்து அனுப்பும் வால்வ் பிளாக்கையும் பார்க்க வேண்டும். சோப்பு நீரை ஸ்ப்ரே செய்து, மேல் முனையில் குழாய் சேரும் இடத்தையும், கீழே ரப்பர் மடியும் இடத்தையும் உற்றுப் பாருங்கள். மடிப்பில் வெடிப்பு இருந்தால், வண்டி முழு உயரத்துக்கு எழும்பியிருக்கும்போதுதான் அது திறந்து குமிழி விடும்.

கம்ப்ரஸர் கெட்டுப்போனது என்று வரும் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு மூல காரணம் கசிவுதான். கசியும் காற்றை ஈடுகட்ட ஓடி ஓடிக் கம்ப்ரஸர் எரிகிறது. புது கம்ப்ரஸரை மட்டும் போட்டால் அதுவும் அதே வழியில் போகும். முதலில் கசிவு, பிறகு கம்ப்ரஸர். கூடவே ரிலேயையும் மாற்றிவிடுங்கள். ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடி, புதியதும் கருகும். கம்ப்ரஸர் ஓடவே இல்லை என்றால் ஃபியூஸையும் ரிலேயையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வேலை செய்யும்போது இரண்டு விதிகள். ஜாக்கியை மட்டும் நம்பி, காற்று இருக்கும் வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். எந்த நொடியிலும் இறங்கும், ஸ்டாண்ட் கட்டாயம். புதிய ஏர் ஸ்பிரிங் போட்ட பிறகு காற்று ஏற்றாமல் வண்டியின் எடையை அதன் மேல் இறக்காதீர்கள். வெறும் ரப்பர் தவறாக மடிந்து முதல் நாளே கிழியும். ஸ்கேனரால் காற்று ஏற்றிய பிறகே இறக்க வேண்டும்.

சாதாரண காயில் ஸ்பிரிங்குக்கு மாற்றிவிடலாமா என்றால், மாற்றலாம், வண்டி ஓடும். ஆனால் எச்சரிக்கை விளக்கை அணைக்கத் தனி ஏற்பாடு வேண்டும், ஓட்டத்தின் மென்மையும் போய்விடும். அந்த மென்மைக்காகத்தானே இந்த வண்டி? பென்ஸின் ஏபிசி ஹைட்ராலிக் சஸ்பென்ஷன் இருக்கும் வண்டி இதைவிடப் பல மடங்கு செலவு வைக்கும். முதல் பழைய சொகுசுக் காராக அதை வாங்க வேண்டாம்.

இன்ஜின் அடித்து ஓடுகிறது, இழுவை இல்லை, சூடானால் நின்றுவிடுகிறது

ஒரு சிலிண்டர் மிஸ்ஸாகிறது என்று கோடு சொன்னால், அந்த இக்னிஷன் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். கோடும் கூடவே இடம் மாறினால் காயில். மாறாவிட்டால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று வரிசையாகப் போங்கள். பென்ஸின் எம்112, எம்113 இன்ஜின்களில் ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிளக். வி6-க்கு 12 வாங்க வேண்டும்.

"கலவை வறட்சி" (காற்றுக்கேற்ற பெட்ரோல் இல்லை) என்று பி0171, பி0174 கோடுகள் வந்தால், யூனிட் பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்று காட்டும் ஃப்யூல் டிரிம் எண்ணைப் பாருங்கள். ஐடிலில் கூடுதலாக இருந்து 2,500 ஆர்பிஎம்-ல் சரியானால் காற்று எங்கோ திருட்டுத்தனமாக நுழைகிறது. ஐடிலில் சரியாக இருந்து, வேகம் கூடும்போது ஏறினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர் அல்லது காற்று அளவு சென்சார். காற்று நுழைவதைப் பிடிக்கப் புகைச் சோதனைக்கு ஈடு இல்லை. ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். பலமாக உள்ளே இழுத்தால், இன்ஜினின் உள்வாயுவை வெளியேற்றும் க்ராங்க்கேஸ் ப்ரீதரின் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. ஆயில் குறைவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

சூடானதும் இன்ஜின் நின்று, அரை மணி நேரம் ஆறியதும் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆவது க்ராங்க்ஷாஃப்ட் சென்சாரின் அடையாளம். ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஸ்கேனரில் ஆர்பிஎம் பூஜ்யமாகவே இருந்தால் உறுதி.

நீலப் புகை எப்போது வருகிறது என்பதுதான் முக்கியம். சிக்னலில் சில நிமிடம் நின்று, கிளம்பும்போது பின்னால் நீல மேகம் எழுந்தால் வால்வ் ஸ்டெம் சீல். பிஎம்டபிள்யூ என்62 வி8-ல் இது பிரசித்தம். தொடர்ந்து அழுத்தி ஓட்டும்போது வந்தால் பிஸ்டன் ரிங்.

குளிரில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு நொடி செயின் சலசலத்து அடங்குவதைப் பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் நீண்டால் கூடாது. பென்ஸ் எம்272-ன் தொடக்க கால இன்ஜின்களில் பேலன்ஸ் ஷாஃப்ட் பல்சக்கரம் தேய்கிறது. இரண்டு பேங்க்கிலும் (வி வடிவின் இரு சிலிண்டர் வரிசைகளிலும்) ஒருசேர கேம்ஷாஃப்ட் நிலை விலகியதாகக் கோடு வந்தால் அதுதான், ஏனெனில் இரண்டுக்கும் பொதுவாக இருப்பது அந்தச் சக்கரம். இன்ஜினை இறக்க வேண்டும். செயின் பின்பக்கம் இருக்கும் ஆடி 4.2 வி8-க்கும் அதே கதி. லெக்ஸஸ் எல்எஸ் 400-ல் பெல்ட்தான். 1998-லிருந்து வந்தவற்றில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். மாற்றிய ரசீது இல்லாவிட்டால் உடனே மாற்றுங்கள்.

பென்ஸ் ஓஎம்642 டீசலில் இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் சொட்டினால், ரியர் மெயின் சீல் என்று கியர்பாக்ஸை இறக்கிவிடாதீர்கள். வி வடிவத்தின் நடுவே இருக்கும் ஆயில் கூலரின் சீல் கசிந்து, அங்கிருந்து பின்பக்கமாக வழிந்து வருவதே வழக்கம். மேலிருந்து சிறு கேமராவை விட்டுப் பாருங்கள்.

பிரேக் போட்டால் ஸ்டீயரிங் ஆடுகிறது, பள்ளத்தில் டக் டக் என்கிறது

டிஸ்க்கை மாற்றும் முன் முன்பக்க த்ரஸ்ட் ஆர்ம் புஷ்ஷை (சக்கரத்தைப் பிடிக்கும் கையின் முனையில் உள்ள ரப்பரை) பாருங்கள். இ39-ல் அதற்குள் திரவம் இருக்கும்; கசிந்து எண்ணெய்க் கறை தெரிந்தால் ஆயுள் முடிந்தது. புது ஆர்ம் மாட்டும்போது போல்ட்டை, சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்காதீர்கள். வண்டி தரையில் நிற்கும் உயரத்தில் வைத்து இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கேறியே இருந்து சில மாதங்களில் கிழியும். "புது ஆர்ம் போட்டும் நிற்கவில்லை" என்ற குறை பெரும்பாலும் இங்கிருந்துதான் பிறக்கிறது. ஆடியில் ஒரு பக்கத்துக்கு நான்கு ஆர்ம்கள். மேல் இரண்டையும் பிடிக்கும் குறுக்கு போல்ட் துருவேறி இறுகிவிடும். முந்தின நாளே துரு நீக்கும் எண்ணெய் ஊற்றி வையுங்கள், சுத்தியலால் ஓங்கி அடித்தால் நக்கிள் (சக்கரத்தைத் தாங்கும் உலோகப் பாகம்) போய்விடும்.

பென்ஸ் டபிள்யூ210 (டபிள்யூ211-க்கு முந்தைய இ-கிளாஸ்) பார்க்கப் போனால் முன் ஸ்பிரிங்கின் மேல் இருக்கையைத் துருவுக்காகப் பாருங்கள். அது பிய்ந்து விழுவது அந்த மாடலின் தெரிந்த பலவீனம்.

சிவப்பில் பிரேக் எச்சரிக்கை: 2006 முகமாற்றத்துக்கு முந்தைய டபிள்யூ211

இவற்றில் எஸ்பிசி என்ற மின்-ஹைட்ராலிக் பிரேக். பம்ப் தன் இயக்கங்களை எண்ணிக்கொண்டே வரும்; சுமார் 3 லட்சத்தை எட்டினால் எச்சரிக்கை வரும். ஸ்கேனரில் அந்த எண்ணைப் பார்த்த பிறகே விலை பேசுங்கள். எச்சரிக்கை வந்த வண்டியை ஓட்டாதீர்கள். எண்ணை மட்டும் அழித்துத் தருகிறேன் என்பவரிடமும் போகாதீர்கள், பம்ப்பின் தேய்மானம் அப்படியே இருக்கும். பிரேக் பேட் மாற்றும் முன் எஸ்பிசி-யை ஸ்கேனரால் செயலிழக்கச் செய்ய வேண்டும். கதவைத் திறந்தாலே பம்ப் அழுத்தம் ஏற்றக்கூடும், காலிப்பருக்குள் இருக்கும் விரல் நசுங்கும்.

ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர்

ஏசி கேஸ் நிரப்ப ஓடாதீர்கள். இடம் வலம் தனித்தனி வெப்பம் உள்ள பிஎம்டபிள்யூ, பென்ஸ் வண்டிகள் பலவற்றில், ஹீட்டருக்குப் போகும் சூடான கூலன்ட்டை இரட்டை வால்வ் கட்டுப்படுத்துகிறது. மின்சாரம் இல்லாதபோது அது திறந்தே இருக்கும். அதனால் ஒரு பக்கம் எப்போதும் சூடாக வந்தால் வால்வின் காயிலோ அதன் ஒயரோ போயிருக்கலாம், அல்லது உள்ளே அழுக்கு சேர்ந்து மூட முடியாமல் இருக்கலாம். இன்ஜின் ஓட, இரண்டு பக்கமும் கடைசிக் குளிரில் வைத்து, வால்வைத் தாண்டிப் போகும் இரண்டு ஹோஸ்களையும் கவனமாகத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருக்கும் ஹோஸ்தான் மூடாத பக்கம். வால்வின் தலையைக் கழற்றி, உள்ளே இருக்கும் பிளஞ்சரைச் சுத்தம் செய்தாலே பல நேரம் சரியாகிவிடும். கழற்றும் முன் இன்ஜின் முழுதாக ஆறியிருக்க வேண்டும், பிறகு குறைந்த கூலன்ட்டை ஊற்றிக் காற்றை எடுக்க வேண்டும்.